காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

மழைக்காலத்தில் தாராவிப் பக்கம் யாருக்காவது டெங்கு என்றால் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" அடுத்தது, "பப்பாளி இலைச் சாறு கொடுத்தீங்களா?" ஊரிலிருந்து நிலவேம்புப் பொடியும் வந்து சேர்ந்துவிடும். ரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்களான பிளேட்லெட் டெங்குவில் குறைவது உண்மைதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஐம்பதாயிரத்துக்கும் கீழேகூட இறங்கலாம். நோய் தணியும்போது தானாகவே ஏறிவிடும். பெரிய ஆபத்து அதில் இல்லை, ரத்தக்குழாய்க் கசிவில் இருக்கிறது.

முதல் சில நாட்கள் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும், காய்ச்சல் கொளுத்தும். நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் வைரஸ் குறைந்து காய்ச்சல் விடும். சிலருக்கு ஏறக்குறைய அதே சமயத்தில், உடலின் எதிர்ப்பாற்றல் கிளப்பும் வேதிப்பொருட்களும் வைரஸின் என்எஸ்1 என்ற புரதமும் சேர்ந்து நுண்குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசியும். சிவப்பணுக்கள் உள்ளேயே நின்றுவிடுவதால் ரத்தம் கெட்டியாகும். ரிப்போர்ட்டில் ஹெமட்டோகிரிட் என்றோ பிசிவி என்றோ ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று அது சொல்லும். மருத்துவர் பிளேட்லெட்டோடு அதையும் பார்ப்பது இதற்காகத்தான். அது கிடுகிடுவென ஏறினால் கசிவு என்று பொருள். விட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கு டூட்டிக்குப் போயிடலாம்" என்று கிளம்புவதும் சரியாக இதே நேரத்தில்தான்! கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கொடுக்கும் முக்கிய மருந்து நரம்பு வழியாக அளந்து ஏற்றும் உப்புநீர்தான். அளவுக்கு மிஞ்சினாலும் வம்பு: கசிந்த நீர் பிறகு ரத்தத்துக்கே திரும்பும்போது நுரையீரல் திணறும். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி எல்லாம் ரத்தப்போக்கைக் கூட்டும். "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே வினையாகிவிடும். பப்பாளிச் சாறு குடித்தால் பிளேட்லெட் சற்று வேகமாக ஏறுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கசிவை அது அடைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

டெங்குவில் 4 வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். சில மாதங்கள், சில வருடங்கள் கழித்து வேறு வகை வந்தால் முதல் தொற்றின்போது உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) அதை அரைகுறையாகப் பற்றிக்கொள்ளும், செயலிழக்கச் செய்யாது. அப்படியே ரத்த வெள்ளணுக்களுக்குள் வைரஸை ஏற்றிவிட்டுவிடும். வைரஸ் அங்கே செழிக்கும். இரண்டாம் முறை டெங்கு மூர்க்கமாவது இதனால்தான். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தடுப்பூசி, அதுவரை டெங்குவே வராதவர்களுக்கு முதல் தொற்றுப்போல அமைந்து அடுத்த தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று தெரிந்து 2017-ல் நிறுத்தப்பட்டது.

இனி கொசு. தண்ணீர் சில மணி நேரமே வரும் வீடுகளில் நீல டிரம் இல்லாமல் முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரச் சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். கூரைத் தார்ப்பாய் பறக்காமலிருக்க வைக்கும் பழைய டயரையும் பாருங்கள், அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. ஆகவே காய்ச்சல்காரர் முதல் ஐந்து நாளும் பகலிலேயே கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள் ஆகும். அப்புறம் அது சாகும்வரை கடிப்பவர்களுக்கெல்லாம் டெங்குவைக் கொடுக்கும்.