துளைக்குள் விரல் விடாதீர்கள்

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டிலும் மின்வேலை நடக்கிற இடங்களில் ஷாக் பற்றி தினமும் எச்சரிக்கிறார்கள். சப்ளை வருவதற்கு முன்பே விரலைக் காவு வாங்கும் சாமான்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

செம்பு பஸ்பாரை, அதாவது மின்சாரம் கடத்தும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 x 10 மி.மீ. அளவில் 3 மீட்டர் பட்டை சுமார் 27 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம், இறக்கும்போதுதான் வம்பு. ஒருவர் முந்திக்கொண்டு கைவிட்டால், மற்றவரின் விரல் பட்டைக்கும் தரைக்கும் நடுவில் சிக்கும். தூக்குவதற்கு முன்பே இறக்கும் இடத்தில் 3 அங்குல உயரக் கட்டை இரண்டு போட்டு வையுங்கள். குரல் கொடுப்பவர் ஒருவர்தான். "கை எடுத்தாச்சா?" என்று அவர் கேட்டு, பதில் வந்த பிறகே விட வேண்டும்.

மின் பேனலை (ஸ்விட்ச் பெட்டியை) பேஸ் சேனல் என்கிற அடி இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வைப்பது இன்னும் மோசம். போல்ட் துளை நேராக வந்துவிட்டதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் அனுபவஸ்தர்களிடம்தான் அதிகம். செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தொங்கும் பேனல் கொஞ்சம் நகர்ந்தாலும் இரண்டு துளைகளும் கத்தரி போல வெட்டும். டார்ச் அடித்துப் பாருங்கள், கூர்முனைக் கம்பி விட்டுத் துளையை நேராக்குங்கள். பேனலைத் தள்ள கடப்பாரை, திருப்ப கயிறு.

சாரத்திலிருந்து நழுவும் ஸ்பேனர் 3 மீட்டர் விழ முக்கால் நொடிதான். கீழே வரும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கி.மீ. அதைப் பிடிக்கத் தானாகவே கை நீளும். ஹெல்பருக்கு முதல் நாளே சொல்லுங்கள்: விழுந்தால் விழட்டும், விலகு. டூலைக் கயிற்றில் கட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாடியில் கேபிள் ட்ரே (கேபிள் போடும் உலோகத் தட்டு) ஏற்றுவதானால் மதியக் கடற்காற்று கிளம்புவதற்குள் முடிப்பது நல்லது.

வெட்டு தாங்கும் கிளவுஸ் ட்ரே விளிம்பிலிருந்து காக்கும், நசுங்குவதைத் தடுக்காது.

அடிபட்டால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் விரலில் நேரடியாகப் படக் கூடாது. விரலை ஒட்டுவதற்கான அறுவை சிகிச்சை போகிற ஆஸ்பத்திரியில் உண்டா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. நகம் கறுத்ததோடு சரி என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே நுனி எலும்பு உடைந்திருக்கலாம். அன்றே எக்ஸ்ரே எடுங்கள். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.