ஜெர்மன் ரயில் நிலையம்: வழி கேட்டால் மட்டும் போதாது

ஜெர்மன் மொழியின் பி1 (இடைநிலை) தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய என் மாணவி அவர். செவிலியர் வேலைக்காக ஜெர்மனி போய், பிராங்பர்ட் மத்திய ரயில் நிலையத்தில் மன்ஹைம் வண்டியைத் தேடியிருக்கிறார். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியத்தை அப்படியே ஓர் ஊழியரிடம் கேட்டார்: "என்ட்ஷுல்டிகுங், ஃபொன் வெல்ஹெம் க்ளைஸ் ஃபேர்ட் டேர் ட்ஸூக் நாஹ் மன்ஹைம் அப்?" மன்னிக்கவும், மன்ஹைம் வண்டி எந்தத் தடத்திலிருந்து புறப்படுகிறது? பதில் உடனே கிடைத்தது. அவர் போய் நின்றது 12-ஆம் தடத்தில். வண்டி போனது 21-ஆம் தடத்திலிருந்து.

"மேடம், நான் சரியாத்தான் கேட்டேன்" என்று அன்று இரவு போனில் அழுதார். உண்மைதான். கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கேட்கச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, வரும் பதிலைப் பிடிக்க நான் பழக்கவில்லை. அதன்பிறகு என் பாடம் மாறிவிட்டது.

21-ஐ ஜெர்மனில் "ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஹ்" என்பார்கள். ஒன்றும் இருபதும். நாம் இருபதை முதலில் சொல்லி ஒன்றைச் சேர்ப்போம், அவர்கள் தலைகீழ். பெட்டியும் பையுமாகப் பதற்றத்தில் நிற்கும்போது முதலில் காதில் விழுந்த ஒன்று, அடுத்து விழுந்த இரண்டு என்று மனம் எழுதிக்கொள்கிறது. பிராங்பர்ட்டில் மேல்தளத் தடங்கள் 1 முதல் 24 வரை போகின்றன. 12-உம் உண்டு, 21-உம் உண்டு. அதனால் தப்பான இடத்தில் நிற்கிறோம் என்ற சந்தேகமே வராது.

இப்போது வகுப்பில் தினமும் பத்து நிமிடம் எண் மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல, ஒற்றை இலக்கத்தை முதலில் வலப்பக்கம் எழுதி, இடப்பக்கம் விட்ட இடத்தில் பத்தை நிரப்புவார்கள். இரண்டு வாரத்தில் காது பழகிவிடுகிறது. சிலர் இரண்டை "ட்ஸ்வை" என்னாமல் "ட்ஸ்வோ" என்பார்கள். மூன்றைக் குறிக்கும் "த்ரை"யோடு குழம்பாமல் இருக்கத்தான் அப்படி. அதையும் காதில் போட்டு வையுங்கள்.

அடுத்தது ஒலிபெருக்கி. "டேர் ட்ஸூக் ஃபேர்ட் ஹொய்டே ஃபொன் க்ளைஸ் நொய்ன் அப்" என்றால் வண்டி இன்று 9-ஆம் தடத்திலிருந்து புறப்படுகிறது. "டேர் ட்ஸூக் ஃபெல்ட் ஹொய்டே அவுஸ்" என்றால் வண்டி இன்று ரத்து. ஃபேர்ட், ஃபெல்ட்: கூட்டத்தின் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கடைசிச் சொல்தான் சேதி சொல்கிறது. அப் என்றால் புறப்பாடு, அவுஸ் என்றால் ரத்து. தமிழிலும் வருகிறாரா, வரவில்லையா என்பது வாக்கியம் முடியும்போதுதானே தெரிகிறது? அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஜெர்மனுக்கும் கொண்டுபோங்கள். அறிவிப்பு முடியும்வரை நகராதீர்கள். நடுவில் "ஹொய்டே", அதாவது இன்று, என்று காதில் பட்டால் வழக்கத்திலிருந்து ஏதோ மாறியிருக்கலாம், கவனம்.

வண்டியில் ஏறிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐசிஇ என்ற அதிவேக வண்டிகள் பல, ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுசல்டோர்ஃப் பக்கம். மறுபாதி வுப்பர்டால் வழியாகக் கொலோன். தப்பான பாதியில் தூங்கிவிட்டால் வேறு ஊரில்தான் கண் விழிப்பீர்கள். "ஃபேர்ட் டீஸர் ட்ஸூக்டைல் நாஹ் க்யோல்ன்?" இந்தப் பகுதி கொலோன் போகுமா? பக்கத்து இருக்கைக்காரரிடமே கேட்கலாம்.

பிராங்பர்ட் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ரயில் நிலையம், அதாவது "பான்ஹோஃப்", இரண்டு. தூர ஊர்களுக்கான "ஃபேர்ன்பான்ஹோஃப்" ஒன்று (தடம் 4 முதல் 7), சுற்றுவட்டார வண்டிகளுக்கான "ரெகியோனால்பான்ஹோஃப்" மற்றொன்று (1 முதல் 3). வெறுமனே "பான்ஹோஃப் எங்கே?" என்று கேட்டால், சொல்கிறவர் தன் மனதில் இருக்கும் நிலையத்துக்குக் கையைக் காட்டிவிடுவார். பெயரைச் சேர்த்துக் கேளுங்கள்.

லிங்ஸ் இடது, ரெஹ்ட்ஸ் வலது, கெராடெஅவுஸ் நேரே. இவற்றை எல்லாரும் படித்துவிடுகிறார்கள். அவற்றோடு "டீ ட்ரெப்பே ருன்டர்" (படி இறங்கி), "ஹோஹ்" (மேலே), "கேகன்யூபர்" (எதிரே) என்பவையும் வேண்டும். நிலையத்துக்குள் பாதி வழி மாடிப்படிதான்.

பதில் கிடைத்ததும் நன்றி சொல்லி ஓடிவிடாதீர்கள். "அல்ஸோ, க்ளைஸ் ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஹ்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். அப்போதும் சந்தேகமா? "கொனென் ஸீ தாஸ் பிட்டே அவுஃப்ஷ்ரைபன்?" எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். "ஸீ" நம்முடைய நீங்கள்தான். அந்த மாணவி இப்போது போன் திரையில் எண்ணைத் தட்டி அவர்களிடமே காட்டுகிறாராம். "கெனாவ்" என்ற பதில் வந்தால்தான் பெட்டியை உருட்டுகிறார். கெனாவ் என்றால், அதேதான்.