ரீமேக்: மறுவாக்கமா, மீளுருவாக்கமா, வழிப்படமா?

ஒரு படத்தின் ரீமேக் உரிமை விற்றுவிட்டது என்று நாளிதழில் ஒரு வரிச் செய்தி வந்தால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. ஒருவர் ‘மறு ஆக்கம்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘மீளுருவாக்கம்’ என்கிறார், மூன்றாமவர் ‘தழுவல்’ என்று முடித்துக்கொள்கிறார். மூன்றும் ஒரே பொருளில் புழங்குகின்றன. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘ரீமேக்’ ஓர் ஒட்டுச்செடி. ‘ரீ’ இலத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. ‘பின்னோக்கி’, ‘மறுபடியும்’ என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ‘மேக்’ ஜெர்மானிய வேர் கொண்ட ஆங்கிலச் சொல். திரைத்துறையில், ஏற்கெனவே வெளிவந்த படத்தின் கதையை எடுத்துக்கொண்டு வேறு நடிகர்கள், வேறு படப்பிடிப்பு என்று அதைப் புதிதாகப் படமாக்குவதற்கு இந்தப் பெயர். டப்பிங் அப்படியல்ல; அங்கே படம் அதுவேதான், குரல் மட்டும் மாறுகிறது. தமிழ் இலக்கணத்தைக் கறாராகப் பார்த்தால் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, ‘இரீமேக்கு’ என்றுதான் எழுத வேண்டும். யாரும் எழுதப்போவதில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

‘மீள்’ என்பதில் திரும்பி வருதல் இருக்கிறது. இழந்ததை மீட்கிறோம், போனவர் மீள்கிறார். இடிந்த மண்டபத்தைப் பழைய படியே எழுப்பினால் அது மீளுருவாக்கம். நைந்துபோன படச்சுருளைத் துடைத்துச் சீராக்கித் திரும்பவும் திரையிடுவதற்கும் அந்தச் சொல் பொருந்தும். ரீமேக்கில் பழைய படம் எங்கும் போய்விடவில்லை. அது தன் பாட்டுக்கு இருக்கிறது. ஆகவே மீட்க ஒன்றுமில்லை.

‘மறு’ கொஞ்சம் விளையாட்டுக்காரச் சொல். நிலவின் மேலுள்ள களங்கமும் மறுதான். ‘மதிக்கண் மறுப்போல்’ என்கிறது குறள். மறுத்தலும் இதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. ரீமேக் பார்த்துவிட்டு வெளியே வரும் சில ரசிகர்களுக்கு இந்த இரண்டு பொருளுமே சரியாகப் படலாம். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது மறுநாள், மறுகரை, மறுமணம் என்பவற்றில் வரும் ‘மறு’. மறுநாள் என்றால் நேற்றைய நாளே திரும்ப வருவதல்ல, அடுத்த நாள். மறுகரை இன்னொரு கரை. அப்படியென்றால் மறுவாக்கம் என்பது மற்றோர் ஆக்கம். இந்தப் பொருள் ஆங்கிலச் சொல்லில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. (மறு + ஆக்கம் சேரும்போது வகரம் தோன்றி ‘மறுவாக்கம்’ ஆகும்.)

இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூலுக்கு அது தரும் இலக்கணம்: ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’. முன்னவர் சொன்ன முடிபோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் பின்னவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் அதில் வைக்க வேண்டும். கம்பர் செய்தது இதைத்தான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான்; கம்பரில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். கதை நகரவில்லை, அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஆனால் காட்சி முழுக்க வேறு. தயாரிப்பாளர்கள் ‘நேட்டிவிட்டிக்காகச் சில மாற்றங்கள்’ என்று பேட்டியில் சொல்வதற்கு நன்னூல் வைத்த பெயர் விகற்பம்.

சார்பு நூலைப் ‘புடைநூல்’ என்றும் நன்னூல் சொல்கிறது: ‘இருவர் நூற்கு மொருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது’. ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் தன் வழியே போவது.

இந்த இரண்டையும் ஒரே கதையில் பார்க்க வேண்டுமென்றால் ‘கஜினி’யை எடுத்துக்கொள்ளலாம். 2000இல் வந்த ‘மெமெண்டோ’ என்ற ஆங்கிலப் படத்தில் நாயகனுக்குப் புதிய நினைவு தங்காது. உடலில் பச்சை குத்திக்கொண்டும் புகைப்படங்களில் குறிப்பு எழுதியும் மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். 2005இல் ஏ.ஆர். முருகதாஸ் சூர்யாவை வைத்து எடுத்த தமிழ்ப் படத்திலும் மறதி, பச்சை, புகைப்படம், பழி எல்லாம் உண்டு. ஆனால் காதலியோடு ஆள்மாறாட்டமாக ஓடும் அந்த நீண்ட கலகலப்பான பகுதி ‘மெமெண்டோ’வில் கிடையாது. ஒருசிறைதான் ஒப்பு. ஆகவே நன்னூல் கணக்கில் அது புடை. 2008இல் அதே இயக்குநர் ஆமிர் கானை வைத்து இந்தியில் எடுத்ததோ சுத்தமான வழி: நாயகி அசின் அவரே, வில்லன் பிரதீப் ராவத்தும் அவரே.

விகற்பம் எங்கே என்றால், பெயரில் இருந்து தொடங்குகிறது. ‘கஜினி’ என்றதும் தமிழ் வாசகருக்கு, மறுபடி மறுபடி படையெடுத்து வந்த கஜினி முகமது நினைவுக்கு வந்துவிடுவார். பள்ளிப் பாடத்திலிருந்தே விடாமுயற்சிக்கு அவர்தான் உவமை. தமிழ்ப் படத்தில் அந்தப் பெயரில் ஒரு பாத்திரமும் இல்லை. இந்தியில் அதுவே வில்லனின் பெயராகிவிட்டது. நாயகனுக்கு உவமையாக இருந்தது எதிரியின் முகவரியாக மாறியது! தமிழில் இரட்டையராக வந்த வில்லன்களும் இந்தியில் ஒருவராகச் சுருங்கினார்கள். வசூலிலும் அந்தப் படம் இந்தித் திரையுலகில் ஒரு புதிய கணக்கைத் தொடங்கிவைத்தது.

பழிவாங்கும் கதைகள்தான் ஏன் இப்படி ஊர் ஊராகப் போகின்றன? அநியாயம் நடந்தது, சட்டம் கைவிட்டது, அவனே கிளம்பினான் என்ற மூன்று வரிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அந்தக் கோபத்துக்கு அந்தந்த மொழியில் ஒரு பெயர் மட்டும் வேண்டும். 1981இல் எஸ்.ஏ. சந்திரசேகரன் விஜயகாந்தை வைத்து எடுத்த ‘சட்டம் ஒரு இருட்டறை’ நல்ல சான்று. பழிக்குக் கிளம்பும் நாயகனின் உடன்பிறந்தவளே காவல்துறை அதிகாரி. தலைப்பு அண்ணாவுடையது: ‘சட்டம் ஒரு இருட்டறை, அதில் வக்கீலின் வாதம் ஒரு விளக்கு’. அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தத் தலைப்பு முழுதாகப் பேசும். தெலுங்குக்குப் போனபோது அது ‘சட்டானிகி கள்ளு லேவு’ ஆயிற்று. பதற வேண்டாம், தெலுங்கில் அது கண்கள். சட்டத்துக்குக் கண் இல்லை என்று பொருள். கன்னடத்தில் ‘நியாய எல்லிதே’, நியாயம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. 1983இல் இந்தியில் ‘அந்தா கானூன்’, குருட்டுச் சட்டம். ரஜினிகாந்தின் முதல் இந்திப் படம் அதுதான். இருட்டறைக்கு ஒரு விளக்கைக் கொண்டுபோனால் போதும். குருட்டுச் சட்டத்தின் முன் விளக்கை நீட்டி என்ன பயன்? தமிழ்த் தலைப்பில் மிச்சமிருந்த நம்பிக்கை, தெலுங்கிலும் இந்தியிலும் கழன்றுவிட்டது.

அதே படம் 2012இல் தமிழிலேயே, அதே தலைப்பில் மறுபடி வந்தது. மொழி மாறாமல் காலம் மட்டும் மாறும் இந்த வகைக்கும் ரீமேக் என்றே பெயர். வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

வரவேற்பு என்ற இடத்தில்தான் மறுவாக்கம் மாட்டிக்கொள்கிறது. கொரிய இயக்குநர் பார்க் சான் வூக்கின் ‘ஓல்ட்பாய்’ (2003), 2004இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்றது. அதில் 15 ஆண்டு அடைபட்டு வெளியே வந்தவன், உணவகத்தில் உயிருள்ள எண்காலி (ஆக்டோபஸ்) ஒன்றைக் கையில் பிடித்து, அதன் கால்கள் முகத்தைச் சுற்றச் சுற்றக் கடித்துத் தின்கிறான். ஸ்பைக் லீ 2013இல் எடுத்த அமெரிக்கப் பதிப்பில் நாயகன் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் எண்காலியை நின்று பார்க்கிறான். அவ்வளவுதான். மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு கண்சிமிட்டல். பார்க்காதவர்களுக்கு அது வெறும் மீன்தொட்டி. படம் வசூலில் தோற்றது. இறுதியில் உடையும் ரகசியத்தின் மேல் நிற்கும் கதையை, ரகசியம் தெரிந்தவர்களுக்கு இரண்டாம் முறை சொல்வது எளிதல்ல.

சட்டமும் வழியையும் புடையையும் ஏறத்தாழ நன்னூல் மாதிரியே பிரிக்கிறது. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொல்லும் வடிவத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழிக்கு உரிமை வாங்க வேண்டும். புடை பெரும்பாலும் வாங்காமல் தப்பித்துக்கொள்கிறது.

ஆகவே என் கணக்கு இது. உரிமை வாங்கி எடுப்பதை மறுவாக்கம் என்று எழுதலாம். ‘மறுவாக்க உரிமை’ நாக்கில் நிற்கிறது. அப்படி வந்த படத்தை ‘வழிப்படம்’ எனலாம். இது என் ஆசை, அகராதியில் தேட வேண்டாம். பகுதியளவு ஒப்புக்குத் தழுவல் போதும். மீளுருவாக்கத்தைப் பழைய படச்சுருள்களுக்கு விட்டுவிடலாம். வினையாக எழுதும்போதோ ‘இந்தியில் மறுவாக்கம் செய்யப்பட்டது’ என்று இழுக்கவே வேண்டியதில்லை. ‘அதே கதையை இந்தியிலும் எடுத்தார்கள்’ என்றுதான் தமிழர்கள் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள்.