இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை: ஹால் தர மறுத்தால் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் படிக்கும் தமிழ் மாணவர்கள் முள்ளிவாய்க்கால் பற்றிக் கூட்டம் நடத்த ஹால் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சர்ச்சையான விஷயம், வேண்டாம்" என்று பல்கலைக்கழகம் சொன்னால், பேசாமல் திரும்பி வர வேண்டியதில்லை.

உயர்கல்வி பேச்சுரிமைச் சட்டம் அங்கே 2023-இல் நிறைவேறியது. அதன் முக்கியப் பிரிவுகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சட்டத்துக்கு உட்பட்ட பேச்சைக் காக்க, நியாயமாகச் செய்யக்கூடியதை எல்லாம் பல்கலைக்கழகம் செய்தாக வேண்டும். மாணவர், ஊழியர், வெளியிலிருந்து வரும் பேச்சாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக இடம் தர மறுக்கக் கூடாது. பாதுகாப்புச் செலவை ஏற்பாட்டாளர் தலையில் கட்டுவதும், மிக அரிதான சூழலைத் தவிர, கூடாது. என்னைக் கேட்டால், சின்ன மாணவர் அமைப்புகளுக்கு இதுதான் பெரிய உதவி. காசில்லாமல் நின்றுபோகும் கூட்டத்தை யாரும் தடை என்று சொல்வதில்லை.

ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு: பலருக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னதற்காக வேலை பறிபோகக் கூடாது. புதிய சட்டம் பதவி உயர்வையும் சேர்த்துக் காக்கிறது.

சரி, "சட்டத்துக்கு உட்பட்ட" என்றால் என்ன? நம் மாணவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு பிரிட்டனில் 2001 முதல் தடை இருக்கிறது. அதற்கு ஆதரவு திரட்டுவதும், ஆதரவாளர் என்று கருத இடம் தரும்படி பொது இடத்தில் கொடியைக் காட்டுவதும் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டப்படி குற்றம். ஆனால் இறந்தவர்களை நினைவுகூர்வதோ, போர்க்குற்ற விசாரணை கேட்பதோ, இலங்கை அரசை விமர்சிப்பதோ குற்றமல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் பயந்துபோய் நினைவேந்தலையே கைவிட்டால் மனம் வலிக்கும்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பேச்சுரிமை பற்றிய நடைமுறை விதிகளை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். எந்த விதி மீறப்பட்டது என்று அதிலிருந்தே எடுத்துக்காட்டிப் புகார் கொடுங்கள். மாணவர் சங்கங்கள் மீது நேரடியாகக் கடமை சுமத்தும் பிரிவு 2025-இல் அமலுக்கு வரவில்லை. அதனால் புகார் பல்கலைக்கழகத்தின் முடிவைப் பற்றியதாக இருக்கட்டும்.

உள்ளே தீர்வு கிடைக்காவிட்டால், விசாரணை முடிந்ததாக ஒரு கடிதம் தருவார்கள். அதை வைத்து ஓ.ஐ.ஏ. எனப்படும் சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகத்தில் மாணவர்கள் முறையிடலாம். கட்டணம் கிடையாது. அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முறையிட்டுவிட வேண்டும்.