மஞ்சள் சோற்றுக்குள் மாட்டு மஜ்ஜை: இத்தாலிய உயர்தர உணவகத்தில் ஆர்டர் சொல்லும் முன்

மிலான் நகரத்து உணவகங்களில் 'ரிசோத்தோ அல்லா மிலானேசே' இல்லாத மெனு அபூர்வம். குங்குமப்பூ நிறத்தில், வெண்ணெய் மினுங்க, குழைவாக வந்து நிற்கும் சோறு. பார்வைக்கு வெண்பொங்கலுக்கு அக்கா. இறைச்சித் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஆனால் பழைய முறைப்படி செய்தால் அதில் வெங்காயம் வதங்குவதே மாட்டு எலும்பு மஜ்ஜையில்தான். அரிசி வேகிற நீர், இறைச்சியைக் கொதிக்கவைத்து வடித்த சாறு. இறுதியில் சேர்க்கும் சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுத்த ரென்னட்டால் உறைந்தது. ஒரே தட்டில் மூன்று இடத்தில் அசைவம். மெனுவில் 'குங்குமப்பூ ரிசோத்தோ' என்று மட்டும் இருக்கும்.

யாரும் ஏமாற்றுவதில்லை. அந்த ஊரில் மெனு எழுதுகிறவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். நம்மில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

பரிமாறுபவரிடம் 'சென்ட்சா கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீனும் இறைச்சிச் சாறும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதில்லை. இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: 'நே கார்னே, நே பேஷே, நே ப்ரோதோ தி கார்னே'. இதைச் சொல்ல ஏற்ற நேரம் மேசையில் உட்கார்ந்த பிறகு அல்ல, முன்பதிவு செய்யும்போது. சாறு காலையிலேயே அடுப்பேறிவிடும். ரிசோத்தோ வேக 18 நிமிடம் போல ஆகும். அவ்வளவு நேரமும் அந்தச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். பாதி வெந்த பிறகு காய்கறிச் சாறு கேட்டால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாளே சொல்லியிருந்தால் நல்ல சமையலறை தனிப் பாத்திரம் வைத்துவிடும்.

சீஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அதன் உற்பத்தி விதியே கன்று ரென்னட்டைத்தான் அனுமதிக்கிறது. கிரானா பதானோவும் கன்று ரென்னட்டில் உறைவதுதான். பெரும்பாலும் அதில் முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற நொதியும் சேரும். பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னட். பச்சைப் பசேலென்று பேசில் இலை மணக்கும் பெஸ்தோ சாஸிலும் இந்தச் சீஸ்கள் உண்டு. மஸ்கர்போனே என்ற மிருதுவான சீஸ் மட்டும் அமிலத்தால் திரிப்பது, ரென்னட் இல்லை. ஆனால் அதை வைத்துச் செய்யும் திராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டை இருக்கும், பல இடங்களில் மதுவும் இருக்கும்.

இன்னும் சில மறைவிடங்கள்: தெற்கில் பூலியா பக்கத்து ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் கீரைதான் தெரியும், எண்ணெயில் அஞ்சோவி மீன் கரைந்திருக்கும். பாலேட்டில் செய்யும் பன்னா கோத்தா என்ற இனிப்பை இறுகவைப்பது ஜெலட்டின். அதை இத்தாலியர்கள் 'மீன் பசை' என்று அழைப்பார்கள், இன்று கிடைப்பதில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்து வருவது. நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் பூண்டும் எண்ணெயும் போட்ட ஸ்பகெத்தி, தக்காளி ஸ்பகெத்தி, சுட்ட காய்கறிகள். எதுவானாலும் சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சட்டமே துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி, 2014 டிசம்பர் முதல், 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை உணவகம் தர வேண்டும். நிலக்கடலை, முந்திரி உள்ளிட்ட கொட்டைகள், எள், கடுகு, செலரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. செலரியைக் கவனியுங்கள்: வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவதுதான் இத்தாலியச் சாறு, சாஸ் பலவற்றுக்கும் அடித்தளம், நமக்குத் தாளிப்பு மாதிரி.

பச்சை மீன் 'க்ரூதோ' என்ற பெயரில் வரும். அனிசாக்கிஸ் என்ற புழுவுக்காக அதை முன்பே உறையவைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி: மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம். உறையவைத்த மீன் என்று முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் பாதுகாப்பு. ஆனால் உறைநிலை புழுவைத்தான் கொல்லும், பாக்டீரியாவை அல்ல. கர்ப்பிணிகள் பச்சை மீனையும், வடக்கே பியெமோந்தே பகுதியின் பச்சைக் கன்றிறைச்சியையும் தவிர்ப்பதே சரி. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது பொதுவாக உறையவைத்த பொருள் என்று பொருள்; அடிக்குறிப்பைப் படியுங்கள்.

இனி பணம். பில் எகிறுவது பெரும்பாலும் எடையில்தான். முழு மீனுக்கு எதிரே '8 யூரோ' என்று போட்டு, பக்கத்தில் 'அல்லெத்தோ' என்றிருந்தால் அது 100 கிராமின் விலை. 1.2 கிலோ மீன் என்றால் 96 யூரோ. எடை போடுவது சமைப்பதற்கு முன்னால், தலை, முள் எல்லாம் சேர்த்து. விலைக்குப் பதில் 'எஸ்.க்யூ.' என்று இருந்தாலும் எடைக்கேற்ற விலை என்றே அர்த்தம். நல்ல உணவகத்தில் மீனைத் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். பலர் அதைச் சடங்கு என்று நினைத்துத் தலையாட்டி அனுப்பிவிடுகிறார்கள். தலையாட்டினால் சம்மதம். அந்த நொடியில்தான் "எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பெரிது என்றால் சிறியதைக் கொண்டுவரச் சொல்லலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஃப்ளோரன்ஸின் பிஸ்தெக்கா என்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டும் இதே கணக்குதான்: எலும்போடு கிலோ விலை, ஒரு துண்டே ஒரு கிலோவைத் தாண்டும், இரண்டு மூன்று பேருக்கானது. உள்ளே சிவப்பாகத்தான் வரும். நன்றாக வேகவைத்துக் கேட்பதற்கு வேறு ஏதாவது சாப்பிடலாம்.

இலையுதிர் காலத்தில் ஆல்பா ஊர்ப் பக்கத்து வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) வரும்போது விலை கிராமுக்குப் போய்விடும். மேசையருகே சீவுவார்கள், சீவுமுன்னும் பின்னும் எடை பார்த்து வித்தியாசத்துக்குக் காசு. எத்தனை கிராம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், போதுமென்றால் 'பஸ்தா' என்றால் நிறுத்துவார்கள். (பாஸ்தா வேறு, பஸ்தா வேறு.) ட்ரஃபிள் எண்ணெய்க்காக அதிகம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான புட்டிகளில் இருப்பது ஆய்வுக்கூட வாசனை.

ஆன்டிபாஸ்தி (தொடக்கத் தின்பண்டம்), ப்ரிமி (பாஸ்தா, ரிசோத்தோ), செகோன்தி (இறைச்சி, மீன்), கோந்தோர்னி, தோல்சி (இனிப்பு) என்று ஐந்து தலைப்பு இருக்கிறதே என்று ஐந்தையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு போதும். கோந்தோர்னி என்பது காய்கறி. செகோன்தியோடு தானாக வராது, தனியாகச் சொல்ல வேண்டும். சமையல்காரரே தேர்ந்து, சிறு சிறு அளவில் வரிசையாகத் தரும் ருசிப்பட்டியல் மெனு எடுத்தால் பல இடங்களில் மேசையில் எல்லோரும் அதையே எடுக்க வேண்டும், இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் யோசியுங்கள்.

உட்கார்ந்ததும் "ஒரு ப்ரொசெக்கோ?" (நுரைக்கும் ஒயின்) என்று சிரித்தபடி கேட்பது உபசாரம் அல்ல, விற்பனை.

நீங்கள் கேட்காமல் பில் வராது; 'இல் கோன்தோ' என்று சொல்லுங்கள். அதில் தலைக்கு இத்தனை என்று 'கோப்பெர்தோ' இருக்கும். அது மேசைக்கான கட்டணம், மெனுவில் குறிப்பிட்டிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். ரோம் அடங்கிய லாத்சியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கோப்பெர்தோவைத் தடை செய்கிறது. அதனால் அங்கே பில்லில் 'ரொட்டி' என்ற பெயரில் ஒரு கட்டணம் வரும். ரொட்டி வேண்டாமென்றால் கூடையை வைக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'செர்வித்சியோ', அதாவது சேவைக் கட்டணம், தனியாகச் சேர்ந்திருந்தால் டிப்ஸ் வைக்கவே வேண்டாம். சேரவில்லை என்றாலும் அது உங்கள் விருப்பம்தான். கடைசியாக, மீன் எடை மேசையில் சொன்னதும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கார்டை எடுங்கள்.