மலைப்பாதையில் திட்டு விழுந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்

போன ஞாயிறு, என்னிடம் கார் ஓட்டப் பழகிய தம்பி ஒருவர் ஏற்காடு மலையிலிருந்து போன் செய்தார், குரலே நடுங்கியது. வளைவில் இறங்கி வந்த கார் இவர் பக்கமாக ஏறி வந்திருக்கிறது. போதாதென்று அந்த ஆள் கண்ணாடியை இறக்கி இவருடைய அம்மாவை இழுத்துத் திட்டியிருக்கிறார். இவர் ஏற்றத்திலேயே நிறுத்தி, கைப்பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு, சண்டைக்கு இறங்கிவிட்டார். உள்ளே மனைவியும் குழந்தையும். வண்டி பின்னால் உருண்டு தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. இந்தக் கோடையில் இது எனக்கு வந்த மூன்றாவது போன், மனசே ஆறவில்லை.

"நியாயம் என் பக்கம்தானே சார்?" என்கிறார். ஆமாம். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், 2017 சாலை விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, நியாயம் தன் பக்கம் இருக்கிறவர்தான் முதலில் கதவைத் திறக்கிறார்.

அப்புறம், எல்லாரும் சொல்லும் அந்தப் பேச்சு: "பேசாமல் வந்தால் பயந்துவிட்டான் என்று நினைப்பான்." நினைக்கட்டுமே! அவர் அடிவாரம் சேர்வதற்குள் உங்களை மறந்துவிடுவார். நீங்கள்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மிச்சமிருப்பதை எல்லாம் மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே திருப்புவீர்கள், கியரை மறப்பீர்கள், ஹாரனை மறப்பீர்கள். பயந்தவரால் நிதானமாகக் கையைத் தூக்கி "சரிங்கண்ணா, நீங்க போங்க" என்று சொல்ல முடியாது. காய்கறிக் கடையில்கூட 'ங்க' போடாமல் பேசாத ஊர்க்காரர்கள் நாம், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அது எங்கே போகிறது? அந்த மலையில் தினமும் பஸ் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள், கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

கண்ணாடியை ஏற்றுங்கள். பதிலுக்கு லைட் அடிக்காதீர்கள். வழிமறித்து மிரட்டினால் கதவைப் பூட்டிக்கொண்டு 112-ஐக் கூப்பிடுங்கள், நியாயம் பேச வேண்டாம். கடந்த பிறகு அகலமான இடத்தில் ஓரங்கட்டி, முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை முழுசாக இழுத்து, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், நெஞ்சு படபடப்பு அடங்கட்டும். மலையிறங்கும்போதும் இதே நிதானம்தான் வேண்டும். கோபத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகி, கடைசியில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து.

வரும் ஞாயிறு விடியற்காலையில், கூட்டம் ஏறுமுன் அந்தத் தம்பியை மறுபடி மேலே கூட்டிப்போகிறேன். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவதை முதலிலிருந்து பழக்க வேண்டும். அவர் மனைவியும் கற்றுக்கொள்ள வருகிறேன் என்றிருக்கிறார்.