ஸ்மார்ட் போர்ட் பாவிப்பது இலக்கு ஆகாது, ஆசிரியர்களே

தவணைத் திட்டங்கள் பார்க்கும் காலம் இது. இந்தக் கிழமை என் மேசைக்கு வந்த கொப்பிகளில் பாதிக்கு மேல், தொழினுட்ப இலக்கு என்ற இடத்தில் ஒரே வசனம்தான்: "வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஸ்மார்ட் போர்ட் பாவிப்பேன்." திருகோணமலை நகரப் பாடசாலையிலும் அதுதான், வெருகல் பக்கத்துக் கிராமங்களிலும் அதுதான். ஆசிரிய ஆலோசகராக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

போர்டைப் போடுவது நீங்கள் செய்யும் வேலை. அந்த வேலையால் பிள்ளைக்கு என்ன விளங்க வேண்டும், என்ன செய்ய வர வேண்டும் என்பதுதான் இலக்கு. இரண்டு பாடவேளை போர்டைப் போட்டீர்கள், சரி. யாருக்கு என்ன விளங்கியது? பாடநூலின் பக்கத்தைத் திரையில் போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்தெழுதினாலும் உங்கள் இலக்கு நிறைவேறிவிடும். நான் போய் இருந்து பார்த்த பல வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அதே பாடநூல் பிள்ளையின் மேசையிலேயே கிடக்கிறது!

பெரு நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். கற்பித்தலோடு அவற்றைச் சேர்க்காததால் கற்றல் முன்னேறவில்லை என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. சாதனம் வந்தால் கற்றல் தானாக வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

என் பாடம் கணிதம், அதிலிருந்தே சொல்கிறேன். தரம் 9, நேர்கோட்டு வரைபு. படித்திறனையும் (கோட்டின் சரிவு) வெட்டுத்துண்டையும் (கோடு y அச்சை வெட்டும் இடம்) பிள்ளைகள் மாறி எழுதுவார்கள். அப்படியானால் இலக்கை இப்படி எழுதுங்கள்: "கோட்டைப் பார்த்ததும் அதன் படித்திறன் நேரா மறையா, வெட்டுத்துண்டு எது என்று பிள்ளை காரணத்தோடு சொல்லும்." இப்போது வரைபு கீறும் மென்பொருளான ஜியோஜெப்ராவைத் திறவுங்கள். படித்திறனின் பெறுமானத்தை இழுத்து மாற்ற ஒரு ஸ்லைடர், வெட்டுத்துண்டுக்கு ஒன்று. இழுக்கும் முன் கோடு எப்படி மாறும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் கீறட்டும். அப்புறம் இழுங்கள். ஒரு வகுப்பில் படித்திறன் ஸ்லைடரை இழுத்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், கோடு சுழலுது, ஆனா வெட்டுற இடம் அசையேல்ல" என்றது. அந்த விளக்கம் வந்துவிட்டால் போர்டை அணைத்துவிட்டு வரைபுத்தாளுக்குப் போகலாம். ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் திரைக்குப் போதும்.

ஆகவே பிள்ளை தடுக்குப்படும் இடத்தை முதலில் எழுதுங்கள். கரும்பலகையால் அது தீருமென்றால் கரும்பலகையையே எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு வகுப்புக்கு ஒரு தவணைக்கு ஒரு இலக்கு போதும். தொடங்கும் முன் ஐந்து கேள்வி, முடிந்தபின் அதே மாதிரி ஐந்து கேள்வி கொடுத்துப் பாருங்கள். காணொளியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் சிக்னல் தேடாதீர்கள். கரன்ட் போனால் அதே பாடத்தைத் தாளில் நடத்தத் தயாராக இருங்கள்.

வட்ஸ்அப்பில் வீட்டுவேலை அனுப்புவதைத் தயவுசெய்து இலக்காக எழுத வேண்டாம். பல வீடுகளில் ஒரே போன்தான். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையை மறுநாள் எழுப்பி நிறுத்தி ஏசுவது அநியாயம்.

அதிபர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். போர்ட் எத்தனை தரம் பாவிக்கப்பட்டது என்று பதிவேடு கேட்பதை நிறுத்துங்கள். ஆசிரியர்கள் அதற்காகத்தான் இந்த வசனத்தை எழுதுகிறார்கள். மேற்பார்வைக்கு நான் வரும்போதும் போர்ட் போட்டுக் காட்டத் தேவையில்லை. பிள்ளைகளின் கொப்பிகளைத் தாருங்கள்.